நாற்பதாவது கட்டம்

ஒரு விடுகதை சொல்கிறேன். நாற்பது பேர் நிற்பார்கள், ஒருவருக்கும் கால் வலிக்காது. வெயிலில் நிற்பார்கள், நிழல் தேடமாட்டார்கள். வருடம் போகும், அவர்களுக்கு வயது ஏறாது. அது என்ன?

சிறுவர் பக்கம் நடத்திய இருபத்தெட்டு வருடமும் விடையை மூலையில் தலைகீழாக அச்சிட்டு வந்தேன். இங்கே நேராகவே சொல்லிவிடுகிறேன்: பதாகை. பத்திரிகையிலிருந்து ஓய்வுபெற்ற பிறகு கிளிநொச்சியில் ஓர் அச்சகத்தில் பக்கம் அமைக்கும் வேலைக்குச் சேர்ந்தேன். கலியாண அழைப்பு, பிள்ளை பெரியவளான சாமத்திய வீட்டுப் பனர், நினைவஞ்சலி எல்லாம் வரும். இவற்றுக்கு நடுவே போராடுகிறவர்களின் பதாகைகளும் துண்டுப்பிரசுரங்களும் கையில் பிடிக்கும் மட்டைகளும் வரும். அடுத்தவர் சொல்லை ஒழுங்குபடுத்திச் சீவிக்கும் என் சக பாவிகளுக்கு இது தெரியும்: நாம் சரியாகச் செய்தது ஒருவர் கண்ணிலும் படாது, பிழை மட்டும் பத்தடி நீளத்தில் தெருவோரம் நிற்கும்.

மூலையில் விளக்கு

போரின் கடைசி நாட்களில் இராணுவத்திடம் கையளிக்கப்பட்டு இன்னும் வீடு திரும்பாதவர்களைத் தேடும் பெண்கள், தெருவோரத்தில் கொட்டகை போட்டு இருந்தார்கள். அவர்களுடைய முதல் பதாகை எங்களிடம்தான் வந்தது. நாற்பது கட்டம், கட்டத்துக்கு ஒரு முகம், கீழே பெயரும் ஊரும்.

எங்கள் கணினியில் முகம் வைக்கும் கட்டம் என்றால் அது நினைவஞ்சலிக்கு உரியது. வேறு தேவை அதுவரை வந்ததில்லை. அதையே எடுத்து வேலையை முடித்தேன். பெயர்களை மூன்று தடவை சரிபார்த்தேன். சுற்றிவரக் கறுப்புக் கரையும் இரு மூலையிலும் குத்துவிளக்கும் இருந்ததை ஒரு தடவையும் பார்க்கவில்லை. கண் அவற்றுக்குப் பழகிப்போயிருந்தது.

எடுத்துப்போக வந்தவர் உடையார்கட்டைச் சேர்ந்த சுகந்தி. முப்பத்தைந்து வயது இருக்கும். பதாகையைத் தரையில் விரித்து, செருப்பைக் கழற்றிவிட்டு, முழங்காலில் இருந்தபடி ஒவ்வொரு முகமாகத் தொட்டுக்கொண்டு போனார். மூலைக்கு வந்ததும் கை நின்றது.

"விளக்கை எடுங்கோ ஐயா. நாங்கள் செத்தவீடு கொண்டாடேல்லை, ஆக்களைத் திருப்பிக் கேக்கிறம்."

படம் இல்லாத இடம்

விளக்கை எடுத்துவிட்டுத் திரும்ப அடிக்கும்போதுதான் நாற்பதாவது கட்டத்தை நன்றாகக் கவனித்தேன். அதில் முகம் இல்லை. கீழே 'ரவீந்திரன், உடையார்கட்டு' என்று மட்டும் இருந்தது. யாரோ படத்தைத் தர மறந்துவிட்டார்கள் என்று நினைத்துச் சுகந்தியிடம் விசாரித்தேன். அது அவருடைய கணவர்.

போரின் கடைசி நாட்களில் கடலோரக் களப்பைக் கடக்கையில் அவருடைய பை தண்ணீரோடு போய்விட்டது. கலியாணப் படமும் அடையாள அட்டைப் பிரதியும் அதற்குள்தான் இருந்தன. அரச அலுவலகங்களில் கந்தோர் கந்தோராக ஏறி இறங்கியும் ஒரு பிரதி கிடைக்கவில்லை. அப்போது வயிற்றில் ஐந்து மாதமாக இருந்த மகள் இப்போது தரம் மூன்றில் படிக்கிறாள். அவளுக்கும் தகப்பனின் முகம் தெரியாது.

சிறுவர் பக்கத்தில் ஒரு பிள்ளையின் படம் வந்துசேராவிட்டால் அந்த இடத்தில் ஒரு பூவை வைப்போம். அந்தப் பழக்கத்தில், வெறுமையாக விடாமல் ஓர் ஆணின் நிழலுருவத்தை வைத்துத் தரட்டுமா என்று கேட்டேன். அவர் கோபிக்கவில்லை. எனக்கு விளங்கவேண்டுமே என்பதுபோல் மெல்லச் சொன்னார்.

"எந்த முகாமிலையோ அவரைக் கண்ட ஒரு ஆள் இந்தத் தெருவாலை போகலாம் ஐயா. நிழலைப் பாத்து அந்த ஆள் என்னெண்டு அடையாளம் சொல்லுறது?"

அலுமாரித் தாள்

ஒன்பது மாதம் கழித்து ஒரு காலையில் சுகந்தி பஸ்ஸால் இறங்கி நேரே அச்சகத்துக்கு வந்தார். பைக்குள் மகளின் பள்ளிக் கொப்பி, கொப்பிக்குள் மடிக்காமல் வைத்த ஒரு தாள். கணவரின் தமக்கை பூவரசங்குளத்தில் இருக்கிறார். அலுமாரியைத் துப்புரவாக்கச் சேலைகளை வெளியே எடுத்தபோது, தட்டுக்கு விரித்திருந்த பழைய துண்டுப்பிரசுரத்தில் தம்பியைக் கண்டிருக்கிறார்.

போர் சில வருடம் ஓய்ந்திருந்த சமாதான காலத்தில் விவசாயிகள் அடித்த பிரசுரம் அது. வாய்க்காலைத் திருத்தித் தரும்படி கேட்டு, நீர்ப்பாசனக் கந்தோருக்கு முன்னால் ஏழு பேர் நிலத்தில் குந்தியிருக்கிறார்கள். இடமிருந்து மூன்றாவது ரவீந்திரன். கையை உயர்த்தி, வாயைப் பெரிதாகத் திறந்து கத்துகிறார். முகம் பெருவிரல் நகத்தளவு. கரப்பான் தாளின் ஒரு கரையைத் தின்றுவிட்டு முகத்தை விட்டுவைத்திருந்தது.

பழைய அச்சுப் படம் என்பது புள்ளிகளின் கூட்டம். பெருப்பித்தால் முகம் தெளியாது, புள்ளிகள்தான் பெருக்கும். அதை விளங்கப்படுத்திக்கொண்டிருந்தேன். அவர் பாதியில் கேட்பதை விட்டுவிட்டார். விரலை வாயருகே வைத்துக்கொண்டு தாளையே பார்த்தார்.

"இவர் கத்துற ஆளே இல்லை ஐயா. வீட்டிலை ஒரு மறுமொழிக்கு நான் ரெண்டு தரம் கேக்கவேணும். வாழ்க்கையிலை ஒரு நாள் கத்தியிருக்கிறார், அண்டைக்குப் பாத்து ஆரோ படம் பிடிச்சிருக்கினம்."

கோட்டும் ரையும்

படம் திருத்துவதில் கெட்டிக்காரர் என் பக்கத்து மேசைத் தயாபரன். தாளை அவரிடம் கொடுத்தேன். இரண்டு நாள் குனிந்த தலை நிமிராமல் இருந்து புள்ளிகளைக் கரைத்தார், கரையைச் சீர்செய்தார், திறந்த வாயை மூடினார். பிறகு, இந்தப் பகுதி ஸ்டூடியோக்கள் எல்லாம் செய்வதைத் தானும் செய்தார். கிழிந்த படத்தைத் திருத்தக் கொடுத்தால் கடலுக்குப் போனவரும் கோட்டுடன்தான் திரும்பி வருவார், மாடு மேய்த்தவரும் கழுத்தில் ரை கட்டித்தான் வருவார். ரவீந்திரனுக்கு நீல நிறக் கோட்டு, சிவப்பு ரை.

ஒன்பது மாதப் பழக்கத்தில் சுகந்தி சிரித்து நான் கண்டது அன்றுதான். சிரித்து முடிய முந்தானையால் கண்ணைத் துடைத்தார்.

"இது ஆர் தம்பி, வங்கி மனேஜரோ? எங்கட ஆள் சேட்டு போட்டதே கலியாணத்தண்டு மட்டும்தான்."

தயாபரனின் முகம் கறுத்துப்போயிற்று. கோட்டைக் கழற்றுவதற்கு முன் தன் பக்க நியாயத்தையும் சொன்னார்.

"கோட்டுப் போடாமல் குடுத்தால் நான் வேலையே செய்யேல்லை எண்டெல்லோ அக்கா சனம் சொல்லும்."

மேசையில் இரண்டு

கோட்டு போன பிறகு மேசையில் இரண்டு படங்கள் மிஞ்சின. ஒன்று பிரசுரத்தில் இருந்தபடியே பெருப்பித்தது: புள்ளி தெரியும், வாய் திறந்திருக்கும். மற்றது தயாபரன் திருத்தியது: துப்புரவான முகம், மூடிய வாய். அந்த மூடிய வாய் ரவீந்திரனுடையது அல்ல. கணினியில் கிடந்த ஒரு மாதிரிப் படத்திலிருந்து எடுத்துப் பொருத்தியது. அதைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை, சொன்னேன்.

சுகந்தி கதிரையில் அமர்ந்துவிட்டார். "வாயை மூடினால் அவர் இப்பிடித்தான் இருப்பார். முகாமிலை கண்ட ஆக்களும் இப்பிடித்தான் கண்டிருப்பினம்," என்றார். பிறகு அந்த உதட்டில் விரலை வைத்து, "ஆனால் அது அவரின்ரை வாய் இல்லையே," என்றார். கொட்டகைப் பெண்களின் ஊர்வலம் மறுநாள் காலை; கையில் பிடிக்கும் மட்டைக்கும் பதாகையின் நாற்பதாவது கட்டத்துக்கும் ஒரு படம் வேண்டும். மெசினில் போட எங்களுக்கு அன்று பின்னேரம் மட்டும்தான் இருந்தது.

இரண்டு மணிக்குப் பள்ளிக்கூடம் விட்டு, கொட்டகைப் பெண் ஒருவர் கூட்டிவர, மகள் மிதுஷா வெள்ளைச் சட்டையோடு வந்தாள். தாய் அதுவரை தாளை அவளுக்குக் காட்டியிருக்கவில்லை. சரியான முகம் ஒன்று ஆகட்டும் என்று வைத்திருந்தார்.

"நான் ஒண்டும் சொல்லமாட்டன், பிள்ளை. நாளைக்கு மட்டையைப் பிடிச்சுக்கொண்டு நடக்கப்போறது நீ. எது வேணும் எண்டு நீயே சொல்லு," என்றார் சுகந்தி.

பிள்ளைகளுக்கு இரண்டு படம் காட்டும்போது ஒன்றைக் கிட்டவும் மற்றதைத் தள்ளியும் வைக்கக்கூடாது. இரண்டையும் அவளுடைய கைக்குச் சமதூரத்தில் வைத்துவிட்டு விலகி நின்றேன். அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்தாள்.

"அம்மா, இதிலை அப்பா ஆரை ஏசுறார்?"

"ஆரையும் ஏசேல்லையம்மா. வாய்க்காலைத் திருத்தித் தாங்கோ எண்டு கேக்கிறார்."

"திருத்திக் குடுத்தவையோ?"

"ஓம். ரெண்டு வருசத்தாலை குடுத்தவை."

மிதுஷா வாய் திறந்த படத்தை எடுத்தாள்.