காது குத்துக்கு முன் சொல்ல வேண்டியது

"கொன்னவங்கள என்னம்மா பண்ணோணும்?"

ஸ்கூட்டரில் பின்னால் என் இடுப்பைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த மகள் கேட்டாள். இரண்டாம் வகுப்புப் படிக்கிறாள். மாவுக் கடையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். சிக்னலில் பச்சை விழுந்து, பின்னாலிருந்த பஸ் ஹாரன் அடித்ததால் அன்றைக்குத் தப்பித்தேன்.

அவள் சும்மா கேட்கவில்லை. ஒரு சின்னக் குழந்தையைக் கொன்றவனின் படம் அந்த வாரம் எல்லோர் போனிலும் வந்திருந்தது. கடையில் அதே பேச்சு.

"கோர்ட்டு கேஸுன்னு இழுக்காம தூக்குல போட்டுப்போடோணுங்க," என்றார் மாவு அளந்துகொண்டிருந்த அக்கா.

"தூக்கெல்லாம் அவனுக்குச் சொகுசுங்கக்கா," என்றாள் எனக்குப் பின்னால் நின்றவள்.

"பின்னே? ஜெயில்ல போட்டா நம்ம வரிப்பணத்துல கறிச்சோறு தின்னுட்டு மாப்பிள்ளையாட்டம் வெளிய வருவான்," என்றார் அக்கா.

"ஆமாங்க, தொங்க விடோணும்," என்று நானும் சொன்னேன். பெண் குழந்தையைப் பெற்றவள், மனதாரத்தான் சொன்னேன். என் கையைப் பிடித்துக்கொண்டு மகள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

என் அண்ணன் ஒரு மனிதரைக் கொன்றவர். கோவைச் சிறையில் ஆயுள் தண்டனைக் கைதி. இது மாவுக் கடையில் யாருக்கும் தெரியாது. மகளுக்கும் தெரியாது.

பொள்ளாச்சிப் பக்கம் எங்கள் தோப்புக்கும் பக்கத்துத் தோப்புக்கும் ஒரே கிணறு. இன்றைக்கு மோட்டார் போடுவது யார் முறை என்று ஒரு கோடையில் வாய்ச்சண்டை வந்தது. அண்ணன் கையில் மண்வெட்டி இருந்தது. பக்கத்துத் தோப்புக்காரர் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே இறந்துவிட்டார். நான் அப்போது காலேஜில் படித்துக்கொண்டிருந்தேன். கோர்ட்டு வாசலில் அவருடைய சொந்தக்காரர்கள், உயிருக்கு உயிர் வேண்டும் என்று நின்றார்கள். உயிர் மட்டும் இருக்கட்டும் என்று நான் வேண்டிக்கொண்டு நின்றேன். ஆயுள் என்று தீர்ப்பு வந்தபோது எனக்கு வந்தது சந்தோஷம். அதை எங்கே போய்ச் சொல்வது?

இப்போது நன்னடத்தையால் அண்ணனுக்குச் சிறைத்துறை நடத்தும் பெட்ரோல் பங்கில் வேலை. அதனால் என் ஸ்கூட்டர் எப்போதும் பாதி டேங்கில்தான் ஓடுகிறது. நிரப்பிவிட்டால் அடுத்துப் போக ஒரு காரணம் வேண்டுமே.

"ஏனம்மணி, முந்தாநாள்தான போட்ட? குடிக்கிறியா என்ன?" என்பார் அண்ணன், குழாயைச் செருகிக்கொண்டே. பக்கத்தில் நிற்கும் காவலர் பார்த்தும் பார்க்காதது போல வேறு பக்கம் திரும்பிக்கொள்வார்.

முன்பெல்லாம் சாம்பாரில் உப்பு குறைந்தால் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போகிறவர் அண்ணன். இங்கே ஒருநாள், சில்லறை தரத் தாமதமானதற்கு ஒரு கார்க்காரர் வாய்க்கு வந்தபடி திட்ட, "சரிங்க, தப்புதானுங்க," என்று தலையாட்டிக்கொண்டு நின்றார். எனக்குப் பெருமையாகவும் இருந்தது, அழுகையாகவும் வந்தது.

மகளுக்கு அவர் 'பெட்ரோல் மாமா'. "மாமாவுக்கு லீவே கிடையாதாம்மா?" என்று ஒருமுறை கேட்டாள். வேலை அதிகம் என்றேன். "அவங்க ஓனர் மோசம்," என்று சொல்லிவிட்டாள்.

வருகிற தை மாதம் அவளுக்குக் காது குத்து. மூன்று வயதிலேயே செய்திருக்க வேண்டியது. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும் என்பதால், அண்ணனுக்குப் பரோல் கிடைக்கட்டும் என்று நான்தான் தள்ளிப்போட்டு வந்தேன். சித்தப்பா மகனை உட்கார வைக்கலாமா என்று என் கணவரிடம் கேட்டும் பார்த்தேன்.

"தாய்மாமன் உசுரோட இருக்கறப்ப வேற மடி தேடறதா? நம்ம சனத்துக்கு நீயே பதில் சொல்லிக்க, கண்ணு," என்று சிரித்தார் அவர்.

போன மாதம் சிறையில் மனு எழுதிக் கொடுத்து அண்ணனைப் பார்த்தேன். பரோலுக்கு விண்ணப்பம் போடுங்கள் என்று சொன்னதும் அவர் முகம் மலர்ந்தது. பிறகு யோசித்தார்.

"புள்ளைக்குத் தெரியுமா?"

"சின்னவ தானுங்கண்ணா. அப்பறம் சொல்லிக்கலாம்."

"வேண்டாம் அம்மணி. நான் யாரு, என்ன செஞ்சேன்னு தெரிஞ்சு, அவளா வந்து உட்கார்ந்தா உட்காரட்டும். தெரியாம தூக்கி மடியில வெச்சுப்போட்டு, பத்து வருசங்கழிச்சு யாரோ சொல்லித் தெரிஞ்சா காதை அறுத்துப் போடலாம்னு இருக்கும் அவளுக்கு."

"பயந்துக்குவாங்கண்ணா."

"பயந்தா சித்தப்பா பையன் மடி இருக்குது. நான் ஓரமா நின்னு பார்த்துக்கறேன்."

வற்புறுத்திப் பார்த்தேன். அசையவில்லை. தெரியாமல் என்றால் பரோலே கேட்க மாட்டேன் என்றுவிட்டார்.

செய்தியில் வந்தவனுக்காகப் பேச நான் வரவில்லை. அந்தக் குழந்தையின் முகத்தைப் பார்த்தால் இன்றும் எனக்கு அதே வார்த்தைதான் வாயில் வருகிறது. ஆனால் அவனுடைய தங்கையும் ஏதோ ஓர் ஊரில் மாவு வாங்க வரிசையில் நின்று இதையெல்லாம் கேட்டிருப்பாள். அவளும் என்னைப் போலவே தலையாட்டியிருப்பாளோ என்று தோன்றுகிறது. அடுத்த நிமிடமே, அண்ணனையும் அவனையும் ஒன்றாக வைத்துப் பார்க்கிறேனே என்று என் மேலேயே கோபம் வருகிறது.

அண்ணன் மாறிவிட்டார், அதுவே போதும் என்று நினைத்துக்கொள்ளவும் முடியவில்லை. போன வருடம் பொள்ளாச்சி பஸ்ஸில், இறந்தவரின் மனைவி எனக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். வேறு இடம் இல்லை. நான் எழுந்திருக்கப் போனேன். "உட்காருங்க," என்றார். கிணத்துக்கடவு தாண்டியதும் ஜன்னலைப் பார்த்தபடி, "உங்களுக்குப் போய்ப் பார்த்துட்டு வர ஒரு இடமாச்சும் இருக்குதுங்க," என்றார். அவ்வளவுதான். இறங்கும்போது என் பையை எடுத்துக் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

மகளிடம் சொல்வதானால் பஸ்ஸில் வந்த அந்த அம்மாவைப் பற்றியும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால் அண்ணன் வர மாட்டார். சொன்னால், கொன்றவரைத் தொங்கவிட வேண்டும் என்று தன் அம்மா வாயாலேயே கேட்ட பிள்ளை, மாமாவை என்ன கண்ணால் பார்ப்பாள்? குளிப்பாட்டும்போது, தலை வாரும்போது எல்லாம் ஆரம்பித்துப் பார்க்கிறேன். "மாமா ஒரு தப்பு செஞ்சாங்க" என்றால், பென்சிலைத் தொலைத்ததற்கும் அதே வார்த்தைதான். "மாமா ஒருத்தரைக் கொன்னுட்டாங்க" என்று சொல்ல நாக்கு எழவில்லை.

இதைப் படிக்கிற உங்களில் யாராவது, தன் குழந்தை நேசிக்கிற ஒருவரைப் பற்றி இப்படி ஒன்றைச் சொல்ல வேண்டி வந்திருந்தால், எனக்கு எழுதுங்கள். ஏழு வயதில் சொன்னீர்களா, இன்னும் பொறுத்தீர்களா? பரோலுக்கு விண்ணப்பம் கொடுக்க இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கிறது. நீங்கள் சொன்ன முதல் வாக்கியம் என்ன என்று மட்டுமாவது சொல்லுங்கள். அதற்குப் பிறகு எப்படியோ சமாளித்துக்கொள்கிறேன்.