மாமியின் வடாமும் என் மகளின் பீர்க்கங்கொடியும்

போன வருஷம் பங்குனி மாசக் கடைசி. மயிலாப்பூரில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் அடுக்குமாடிக் கட்டடத்தின் மொட்டை மாடியில் நடந்தது இது. பிள்ளைகளே, காலை எட்டு மணிக்கே தரை சுட ஆரம்பித்துவிட்டது. எதிர் மனையில் பழைய வீடு ஒன்றை இடித்துக்கொண்டிருந்தார்கள். தெரு முழுக்கப் புழுதி.

ஐந்தாவது படிக்கும் என் மகள், தெருப் பக்கத்துக் கைப்பிடிச் சுவரோரம் மண் நிரப்பிய பையில் பீர்க்கங்காய் விதை போட்டிருந்தாள். கம்பிவலை கட்டிக் கொடுத்தது மட்டும்தான் என் வேலை. கொடி வலையை மூடிப் பாதிச் சுவருக்குப் பச்சைத் திரை மாதிரி நின்றது. முதல் பிஞ்சும் விட்டிருந்தது. அவள் பல் தேய்ப்பதே அதன் பக்கத்தில்தான்.

மேல் வீட்டு மாமிக்கு அந்தக் கொடி ஆகவில்லை. வெயில் வந்தால் மாமி வடாம் போடுவார். "காலம்பற நிழல் விழுந்தா எப்படிப்பா காயும்? ஞாயித்துக்கிழமைக்குள்ள எடுத்துடு" என்று சொல்லிவிட்டார். குடியிருப்புச் சங்கச் செயலாளரே அவர் வீட்டு மாமாதான். நான் யாரிடம் போய்ச் சொல்வது? வலையோடு பின்னிய கொடியை அவிழ்த்தால் அறுந்துவிடும். மகள் சாப்பிடாமல் உட்கார்ந்துவிட்டாள்.

சனிக்கிழமை மாமி இரண்டு வேட்டி நிறைய வடாம் பிழிந்தார். ஒன்று கொடி இல்லாத பக்கம். இடம் போதாமல் இன்னொன்றை முணுமுணுத்துக்கொண்டே கொடிக்குப் பின்னால் விரித்தார். காக்கா விரட்டும் காவல் என் மகளுக்கு. கோபம் இருந்தாலும் பாதி காய்ந்த வடாம் கிடைக்குமே!

மத்தியானம் எதிர் வீட்டுச் சுவர் ஒன்று மொத்தமாகச் சரிந்தது. புழுதி எழும்பி எங்கள் மாடிக்கே வந்துவிட்டது. மகளை இழுத்துக்கொண்டு படிக்கட்டுக்குள் ஓடினேன். அவளுக்கு ஒரே இருமல்.

சாயங்காலம் மாமி வந்து, முதல் வேட்டியிலிருந்து ஒரு வடாமை எடுத்து அவளிடம் கொடுத்தார். நறநற.

"தூ! மாமி, மண்ணு கடிக்குது!"

மாமியும் வாயில் போட்டுப் பார்த்து முகத்தைச் சுளித்தார். "போச்சு, எல்லாம் போச்சு" என்று தலையில் கை வைத்தார். மகள் அதற்குள் கொடிக்குப் பின்னால் இருந்ததில் ஒன்றை எடுத்துக் கடித்துவிட்டு, "இது நல்லா இருக்கே!" என்றாள். மாமி நம்பவில்லை. இரண்டு தின்ற பிறகுதான் நம்பினார்.

மகள் ஒரு பீர்க்கன் இலையை விரலால் துடைத்துக் காட்டினாள். விரல் சாம்பல் பூசியது போல இருந்தது.

மாமி கொடியைப் பார்த்து, "அடி, எல்லாத்தையும் நீயே வாங்கிண்டுட்டியா?" என்றார்.

நான் தயங்கிக்கொண்டே, "மாமி, நாளைக்குக் கொடியை..." என்று ஆரம்பித்தேன்.

"என்னது? அதுல கையை வச்சே, அப்புறம் தெரியும்! ஏன்னா, பைப்பை எடுத்துண்டு வாங்கோ, குழந்தை மேலெல்லாம் புழுதி!" என்று மாமாவைக் கூப்பிட்டார்.

எந்தக் குழந்தை என்று மாமாவுக்குப் புரியவில்லை. பைப்போடு வந்து என் மகளைக் குளிப்பாட்டப் பார்த்தார். நாலு பேரும் சிரித்துக்கொண்டே இலைகளைக் கழுவினோம்.

முதல் பீர்க்கங்காய் மாமி வீட்டுக்குப் போனது. தோல் துவையலாக எங்களுக்குத் திரும்பி வந்தது. இந்த வருஷம் மாமி உத்தரவுப்படி தெருப் பக்கம் முழுக்கக் கொடிதான்.

இப்போதெல்லாம் மொறுமொறுவென்று ஒரு வடாமைக் கடித்தால், என் பல்லுக்கும் என் மகளின் நெஞ்சுக்கும் வராத மண்ணை எந்த இலை வாங்கிக்கொண்டதோ என்று நினைத்துக்கொள்கிறேன்.