காரமடையில் கிடைத்த கடுதாசி

கோயமுத்தூர் கணபதியில மோட்டார் காயில் கட்டுற ஈஸ்வரமூர்த்திக்கு ஒரு கிறுக்கு உண்டுங்க. செத்துப்போன கணக்கு மேதைங்க கைப்பட எழுதி, கையெழுத்துப் போட்ட கடுதாசிகளைத் தேடித் தேடிச் சேர்ப்பான். படிச்சது பியூசியோட சரி. ஓய்வான காலேஜ் வாத்தியாருங்க ஊடு ஊடாப் போயி, "ஏனுங்க, சீமையில இருந்து பழைய கடுதாசி ஏதாச்சும் கெடக்குதுங்களா?"ன்னு நிப்பான். பத்து வருசத்துல சேர்ந்தது ஏழே ஏழு.

நான் ரங்கராஜ், காந்திபுரத்துல ஜெராக்ஸ் கடை வெச்சிருக்கறவன், அவனுக்குப் பள்ளிக்கூடத்துச் சேக்காளி. "சினிமாக்காரன் கையெழுத்துன்னாலும் நாலு பேரு பாப்பாங்க, இது எதுக்கு மாப்ள?"ன்னு கேலி பண்ணுவேன். "பொஸ்தகத்துல விடை மட்டுந்தான் இருக்கும். இதுலதான் அந்த மனுசன் அடிச்சுத் திருத்துனது தெரியும்"பான்.

தொண்ணூத்தாறுல காரமடையில எட்டாவது கெடச்சுது. குடுத்தது பழனியாத்தாள்னு எம்பது வயசு அம்மா. அவங்க ஊட்டுக்காரரு கணக்கு வாத்தியாரா இருந்து காலமானவரு. அவரு போட்டு அனுப்புன ஒரு கணக்கை மெச்சி, இங்கிலாந்து மேதை ஒருத்தர் முப்பத்தொண்ணுல எழுதுன கடுதாசி அது. அந்தாளு பேரு என் வாயில நொழையாது. பத்துப் பைசா வாங்கலீங்க அந்தம்மா. "எங்க ஊட்டுக்காரரு பேரை நாலு பேரு பாக்கோணும் கண்ணு, அது போதும்"னு குடுத்துட்டாங்க. கோயமுத்தூர்ல ஒரு காலேஜ் கண்காட்சியில, கீழ வாத்தியாரு பேரெழுதி வெக்கறதுன்னு முடிவாச்சு.

மார்க்ஷீட்டுல இருந்து ரேசன் கார்டு வரைக்கும் ஊரே லேமினேஷன் போட்டுக்கிட்டிருந்த காலம். கடுதாசியும் பத்திரமா இருக்கட்டும்னு எங்கிட்ட லேமினேஷனுக்கு வந்துச்சு. கீழ அந்த மேதை போட்டிருந்த கையெழுத்து மட்டும் மங்கிப்போயிருந்துச்சுங்க. பாக்கறவங்களுக்குத் தெரியோணுமேன்னு, பால்பாயிண்ட் பேனாவை எடுத்து அது மேலயே நிதானமா ஒரு ஓட்டு ஓட்டி, அப்புறமா மெஷின்ல விட்டேன். பளிச்சுன்னு வந்ததுல எனக்கே பெருமை. அறிவு கெட்டவன்!

கண்காட்சிக்கு மெட்ராசுல இருந்து வந்த, பழைய கடுதாசி சோதிக்கத் தெரிஞ்ச பெரியவரு ஒருத்தர் லென்சு வெச்சுப் பாத்தாராம். "கையெழுத்து பால்பாயிண்ட் மைங்க. முப்பத்தொண்ணுல அந்தப் பேனாவே கெடையாது. யாரோ போலியாப் பண்ணிருக்காங்க"ன்னு எல்லாரு முன்னாலயும் சொல்லிட்டாரு.

ஈஸ்வரமூர்த்தி நேரா என் கடைக்கு வந்தான். மூஞ்சி செவந்து கெடந்துச்சு. "வாத்தியாரு தானே எழுதிக்கிட்டு ஊரை ஏமாத்திருக்காரு மாப்ள, வா, காரமடை போயிக் கேட்டுப்போட்டு வரலாம்"னான். அப்பவே சொல்லியிருக்கோணும். கமுக்கமா வண்டியில பின்னால ஏறிக்கிட்டேன்.

அந்தம்மா மோர் குடுத்தாங்க. அவன் கேட்டுப்போட்டான். "அவரு பொய் சொல்ற மனுசன் இல்லீங்க கண்ணு"ன்னாங்க. "அப்புறம் அந்த மை எப்படிங்க வந்துச்சு?"ன்னான். அந்தம்மா என்னையப் பாத்தாங்க. நான் மோரைக் குடிச்சேன். இன்னொரு டம்ளரும் வாங்கிக் குடிச்சேன், வாயைத் தொறக்காம இருக்க ஒரு சாக்கு வேணுமில்ல. த்தூ, நானெல்லாம் ஒரு மனுசன்!

பத்து நாள் சோறு எறங்கலை. பதினொண்ணாம் நாள் அவன் பட்டறைக்குப் போயிச் சொல்லிட்டேன். அடிப்பான்னு பாத்தேன். ஷட்டரை எறக்கிப்போட்டு, "ஏறு வண்டியில"ன்னான். நேரா காரமடைக்கு விட்டான்.

செவுத்துல வாத்தியாரு படம் இருந்த எடத்துல வெறும் ஆணி. "நாந்தானுங்க மேல எழுதுனேன். அவரு மேல ஒரு தப்பும் இல்லீங்க ஆத்தா"ன்னு கால்ல விழுந்தேன்.

அந்தம்மா என்னையத் திட்டலீங்க. கட்டிலுக்கு அடியில குனிஞ்சு படத்தை எடுத்தாங்க. முந்தானையில தொடைச்சாங்க.

"ஏனுங்க, இத்தன வருசம் இல்லாம, இந்த வயசுல உங்களையப் போயிப் பொய்க்காரர்னு நெனச்சுப்போட்டனுங்க. மன்னிச்சுக்கங்க"ன்னு படத்தைக் கும்பிட்டு அழுதாங்க.

நான் பக்கத்துலயே நின்னுக்கிட்டிருந்தேன்.