இரண்டு பச்சை டிக்

அக்கா கொண்டையிலிருந்து ஊசியை உருவினால் யாரோ ஒரு திருத்தம் அனுப்பியிருக்கிறார்கள் என்று அர்த்தம். ஊசியின் வளைந்த முனையைக் கணினித் திரையில் முதல் வரிக்கு அடியில் வைப்பார். ஒவ்வொரு வரியாக இறக்கிக்கொண்டே வாய்விட்டுப் படிப்பார். கதைப் புத்தகத்தை அல்ல, கணினி நிரலை! "எடை போடலேன்னா திரும்பிப் போ. சரி, போ. எடை சைபர்னு போட்டா? அதுக்கு என்ன பதில் வச்சிருக்க?" என்று, எங்கோ இருக்கிற முகம் தெரியாத ஆளை இங்கிருந்தே மடக்குவார். அவிழ்ந்த கொண்டை தோளில் கிடக்கும். அடுப்பில் பால் பொங்கினால் கணவர்தான் ஓடவேண்டும்.

பகலெல்லாம் டயர் கடையில் கணக்கு எழுதுகிறவர். வீட்டுக்கு வந்தால் ஓர் ஓப்பன் சோர்ஸ் மென்பொருளுக்குக் காவல். குழந்தையின் எடையைத் தட்டினால், எந்த மருந்தை எத்தனை மில்லி கொடுக்கலாம் என்று சொல்லும் சின்ன நிரல் அது. காசு கிடையாது. வசதி குறைந்த மருத்துவமனைகள் எங்கெங்கோ இருந்து அதை இணையத்தில் இறக்கிக்கொள்கின்றன. யார் வேண்டுமானாலும் உள்ளே திறந்து பார்க்கலாம், பிழை சொல்லலாம், திருத்தி அனுப்பலாம். அந்தத் திருத்தத்தை உள்ளே சேர்க்கத்தான் கெடுபிடி. இரண்டு பேர் தனித்தனியாகப் படித்து ஆளுக்கொரு பச்சை டிக் போடவேண்டும். ஒருவர் இவர். இன்னொருவர் வேறு ஊரில் இருக்கும் இயற்பியல் வாத்தியார். இருவரும் நேரில் பார்த்துக்கொண்டதே இல்லை, எல்லாம் போனில்தான்.

திருத்தம் அனுப்புகிறவர்களுக்கு இவர் பெயரைக் கேட்டாலே பயம். துருவித் துருவிக் கேட்பதால் 'துருவி அக்கா' என்று பட்டம் கட்டிவிட்டார்கள். அக்காவுக்கு அதில் கொள்ளைப் பெருமை. நாலைந்து தடவை திருப்பி அனுப்பப்பட்ட ஒருவர், "அக்கா, கால்ல விழறேன், விட்டுடுங்க" என்று எழுதினார். "விழுறதுக்கு முன்னாடி ஏழாவது வரியைப் பாருங்க தம்பி" என்று பதில் போனது. ஃபிரிட்ஜ் மெக்கானிக்கான கணவர் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்: "கல்யாணத்துக்கு முன்னாடி என்னையும் இப்படித்தான் ஊசி வச்சுப் படிச்சா. பாஸ் ஆனது என் அதிர்ஷ்டம்."

போன ஞாயிற்றுக்கிழமை காலை, துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது போனில் ஒரு செய்தி வந்தது. யாரோ ஒரு நர்ஸ் நிரலில் பிழை என்று எழுதியிருந்தார். "ஒன்பதரை கிலோ குழந்தைங்க. 9.5ன்னு போட்டேன். கிட்டத்தட்ட ஒரு பாட்டில் முழுசா குடுக்கச் சொல்லுது. சந்தேகமா இருந்துச்சு, குடுக்கல. நாந்தான் தப்பா அடிச்சிட்டேனா?"

"வேற எங்கயாவது கை பட்டிருக்கும் பாவம்" என்று சிரித்துக்கொண்டேதான் அக்கா கணினி முன் உட்கார்ந்தார். 9.5 என்று தட்டினார். திரையில் வந்த விடையைப் பார்த்ததும் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. நிரல் புள்ளியை விழுங்கிவிட்டு, தொண்ணூற்றைந்து கிலோ ஆளுக்கு மருந்து சொல்லியிருக்கிறது! அந்த எடையில் மனிதர்கள் இருக்கிறார்கள்தானே, அதனால் அதற்குச் சந்தேகம் வரவில்லை. "ஐயையோ!" என்று அக்கா போட்ட சத்தத்தில் கணவர் ஸ்க்ரூடிரைவரும் கையுமாக ஓடிவந்தார்.

முதல் வேலையாக அந்தப் பதிப்பை யாரும் இறக்க முடியாதபடி எடுத்துவிட்டார். பிறகு தேடினார். ஒரு வாரம் முன்பு சேர்ந்த திருத்தம், நாலே வரி. எடைக் கட்டத்தில் யாராவது 'கிலோ' என்று சேர்த்து எழுதினால் நிரல் முழித்துக்கொண்டு நின்றுவிடுகிறதாம். அதனால் எண் அல்லாத எல்லாவற்றையும் நீக்கிவிடு என்று யாரோ எழுதியிருந்தார்கள். நல்ல எண்ணம்தான். புள்ளியும் எண் இல்லையே! அதற்குக் கீழே இரண்டு பச்சை டிக். ஒன்று வாத்தியாருடையது. மற்றது அக்காவுடையதேதான்.

 நானா போட்டேன்? எப்போது? மெல்ல நினைவு வந்தது. டயர் கடையில் பில்லுக்கு வரிசையாக ஆட்கள் நின்ற ஒரு மத்தியானம். போனில் பார்த்தார். நாலு வரி. வாத்தியார் டிக் ஏற்கெனவே இருந்தது. அவர் பார்த்திருப்பார் என்று கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்திவிட்டு, அடுத்த பில்லைக் கிழித்தார். ஊசி கொண்டையிலேயே இருந்தது.

உடனே வாத்தியாரைக் கூப்பிட்டார்.

"வாத்தியாரே, அந்த எடைத் திருத்தம், நீங்க படிச்சீங்களா?"

"எதும்மா, அந்த நாலு வரியா? டிக் போட்டேனே."

"போட்டது தெரியுது. படிச்சீங்களா?"



"நீங்கதான் துருவித் துருவிப் பாப்பீங்களேம்மா. உங்களைத் தாண்டி ஒரு எறும்பு போவுமா? அப்புறம் நான் வேற எதுக்குன்னு..."

"எப்பலேருந்து இப்படி?"

"அது... ரொம்ப நாளாவே."

 இரண்டு பூட்டு, இரண்டு பூட்டு என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த கதவில் இத்தனை காலமும் ஒரே பூட்டுதான் தொங்கியிருக்கிறது! அதையும் அன்று அவரே திறந்துபோட்டிருக்கிறார். வாத்தியாரை வாங்கு வாங்கென்று வாங்கத்தான் வாயைத் திறந்தார்.  எந்த முகத்தை வைத்துக்கொண்டு திட்டுவது?

"சத்தம் போடாம சரி பண்ணிடேன்" என்றார் கணவர், பாவம், மனைவியின் முகத்தைப் பார்க்கச் சகிக்காமல். "அந்த நர்ஸைத் தவிர யாருக்குத் தெரியும்?"

"எல்லா இடத்துலயும் இந்த மாதிரி ஒரு நர்ஸ் நின்னு யோசிச்சிருப்பாங்களா? நீங்களே சொல்லுங்க."

கணவர் கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரை மேசைமேல் வைத்துவிட்டு, பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

முகப்புப் பக்கத்தில் பெரிய எழுத்தில் அக்கா எழுதினார். 'கடந்த ஒரு வாரமாக வந்த கணக்கை நம்பவேண்டாம். புள்ளி வைத்த எடையைப் போட்டு மருந்து கொடுத்திருந்தால், அந்தக் குழந்தைகளை இப்போதே அழைத்துப் பாருங்கள். திருத்தத்தைப் படிக்காமல் டிக் போட்டேன்.' எழுதியதை அப்படியே வாத்தியாருக்குப் படித்துக் காட்டினார். "என்னையும் சேத்துப் போடுங்கம்மா" என்றார் வாத்தியார். 'போட்டேன்' என்பது 'போட்டோம்' ஆயிற்று.

முதலில் பதில் எழுதியது அந்த நர்ஸ்தான். "அப்ப நான் தப்பா அடிக்கல. குழந்தை தூங்குது." மற்ற இடங்களிலிருந்து ஒரு வார்த்தை இல்லை. போன் சிணுங்கும்போதெல்லாம் அக்கா ஓடிப்போய்ப் பார்த்தார்.

மத்தியானத்துக்குள் புதுத் திருத்தம் தயார். எண் அல்லாததையெல்லாம் நீக்கு, புள்ளியை மட்டும் தொடாதே. இதற்கும் இரண்டு டிக் வேண்டும். "இந்தத் தடவை நீங்க வாய்விட்டுப் படிங்க வாத்தியாரே. நான் கேக்குறேன்" என்று சொல்லிவிட்டுக் கொண்டையிலிருந்து ஊசியை உருவினார். வகுப்பறையில் கணீரென்று பேசிப் பழகிய குரல், போனில் எழுத்துக் கூட்டிப் படிக்கிற பிள்ளையைப் போலத் தட்டுத் தடுமாறி வந்தது. ஒரு வரி முடிந்தால் ஊசி ஒரு வரி இறங்கியது. கடைசி அடைப்புக்குறியும் முடிந்தது.

"சரியாத்தாம்மா இருக்கு. டிக் போட்டுடவா?"

அக்கா ஊசியை மறுபடியும் முதல் வரிக்குக் கொண்டுபோய் வைத்தார்.