காய்த்த வேலி

கமலாசனி அக்கா மோதிரவிரலை முள்ளில் வைத்து அழுத்துகிறார். குத்தினால் அடுத்த மரத்துக்குப் போகிறார். குத்தாவிட்டால் அங்கேயே நின்று கொப்பைப் புரட்டிப் புரட்டிப் பார்க்கிறார். பெருவிரல் தடித்துவிட்டதாம், அதை இனி நம்ப ஏலாதாம். ஒட்டுசுட்டானில், காட்டோரக் காணியில், விடிந்ததும் அவருக்கு இதுதான் முதல் வேலை. தேநீர்கூடப் பிறகுதான்.

காட்டுப்பக்க வேலி முழுவதும் தேசி என்கிற எலுமிச்சை மரம். யானைக்குப் பயந்து நெருக்கி நட்டது. எல்லாமே விதை போட்டு முளைத்தவை. இலவசமாகக் கிடைத்த ஒட்டுக்கன்றுகளை அயலுக்குக் கொடுத்துவிட்டார்.

"ஒட்டுக்கண்டு கெதியாக் காய்க்கும். எனக்குக் காய் வேண்டாம், முள்ளுத்தான் வேணும்."

வேலியில் ஆடு வாய் வைத்தால் அக்காவின் வாயில் வருகிறவற்றை அச்சில் போட முடியாது.

இந்த முறை பதினொரு மரங்கள் காய்த்துக் கொட்டுகின்றன. அயல் காணிக்காரன் நானும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், "நல்லாக் காய்ச்சிருக்கு, அக்கா" என்றேன். முறைத்தார்.

"காய் வந்தா முள்ளுப் போகும், தம்பி. ஆடு மாடு கடிச்சாச் செத்துப்போகுமெண்டு கண்டா இருக்கேக்கைதான் அது முள்ளு வைக்குது. வளந்து காய்ச்ச மரத்துக்கு என்ன பயம்?"

புதுக்கொப்பு ஒன்றை வளைத்துக் காட்டினார். முள் இருக்க வேண்டிய இடத்தை என் விரல் தடவிக்கொண்டு போனது. ஒன்றும் தட்டுப்படவில்லை.

"அடியோடை தறிச்சாத் திரும்ப முள்ளோடை துளிர்க்கும். போன வருசம் அறுவடை முடியவே தறிச்சிருக்க வேணும். இவர், ஒருக்காக் காய்க்கட்டும் எண்டார். நானும் கேட்டன், விசரி."

'இவர்' என்பது கணவர் இளையதம்பி. போரில் வலது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. பொய்க்கால் போட்டால் வயலுக்கும் போவார். கழற்றினால் சுவரைப் பிடித்துத்தான் நகர்வார். எட்டு வருடங்களுக்கு முன் நெல்மூட்டை தேடி வந்த யானை அறைச்சுவரை இடித்தபோது, காலைக் கழற்றிவிட்டுப் படுத்திருந்தார். அக்காதான் தனியாளாக அவரை வெளியே இழுத்தார். அந்தக் கிழமையே வேலிக்கு விதை போட்டார்.

நேற்றுக் காலை, காய்த்த பதினொரு மரங்களுக்கு அப்பால் யானை லத்தி கிடந்தது. சூடு ஆறவில்லை. நெல் வெட்ட இன்னும் பத்து நாள். இப்போது தறித்தால் வழி திறந்துவிடும். அக்கா முள்ளுள்ள பக்கத்தில் கொப்புகளை வெட்டி வந்து, முள் குறைந்த பக்கத்தில் கட்டத் தொடங்கினார். மாலைவரை கட்டியும் ஏழு மரங்களுக்குத்தான் போதுமாக இருந்தது. நாலு மரம் மிச்சம்.

பொழுதுபடும்போது இளையதம்பி அண்ணை கதிரையில் அமர்ந்து பொய்க்காலின் வாரை அவிழ்த்தார்.

"நாள் முழுக்கப் போட்டு உரஞ்சிப்போச்சு, கமலா. கழட்டப்போறன்."

காட்டுப்பக்கம் ஏதோ கொப்பு முறிந்தது. மூன்று பேரும் அந்தப் பக்கம் திரும்பினோம்.

அக்கா கீறல் விழுந்த கைகளோடு அவர் முன்னால் குந்தினார். அவிழ்த்த வாரை எடுத்து, வழக்கத்தைவிட ஒரு துளை தள்ளி இறுக்கி மாட்டினார்.