விசிலடிக்கும் நெஞ்சுகளும் என் கவுண்டரும்

பாமசிக் கவுண்டருக்குப் பின்னால் நிற்கிறவள் மருந்தை எடுத்து நீட்டினால் போதும் என்றுதான் ஊர் நினைக்கிறது. அது நெஞ்சுக்குள் போய்ச் சேரும்வரை மல்லுக்கட்டுவதும் எங்கள் தொழில்தான். முந்தல் என்கிற ஊரில் எனக்கு அந்த வேலை. சின்ன வயதிலிருந்தே எனக்கும் தொய்வு, அதுதான் ஆஸ்துமா. ஆகவே, மழை இருட்டினால் முதலில் மூச்சுக்கு இழுக்கும் பம்பைத் தடவிப் பார்க்கும் என் இனத்தவர்களே, இது உங்களுக்குத்தான்.

முதலாளியின் கேள்வி

என் போனில் ஒரு தொய்வு ஆப் இருக்கிறது. பம்ப் எடுக்கும் நேரத்துக்கு மணி அடிக்கும். இன்று மூச்சு எப்படி, என்ன வேலை செய்தாய் என்று கேட்கும். சுகமான நாளைப் பச்சையாகவும் இழுத்த நாளைச் சிவப்பாகவும் கலண்டரில் காட்டும். டொக்டரிடம் போய் “இடைக்கிடை இழுக்கும்” என்று மழுப்பாமல் அதையே நீட்டிவிடலாம்.

எனக்குப் பிடித்துப்போனது. பம்ப் வாங்க வருகிறவர்களின் போனிலும் போட்டுக்கொடுக்கத் தொடங்கினேன். தமிழில் இல்லை என்பதால் எந்தப் படத்தை அமத்துவது என்று ஒவ்வொருவருக்கும் காட்ட வேண்டும். கவுண்டரில் ஆட்கள் தேங்கி நிற்பார்கள். முதலாளி பரீத் நானா ஒருநாள் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்: “புள்ள, இது மருந்துக் கடையா, போன் கடையா? வெளியில பேர மாத்தி எழுதிடுவமா?”

எல்லா நாளும் பச்சை

ரஹ்மா உம்மா தேங்காய்த் தும்புத் தூசிக்கு இழுப்பு வருகிறவர். அவருடைய கலண்டரோ பச்சைப் பசேல் என்று இருந்தது. கடைப் படி ஏறும்போதே அவர் நெஞ்சு விசிலடிப்பது எனக்குக் கேட்கிறது, ஆப் மட்டும் சிரிக்கிறது! விசாரித்தேன். சுகமா என்று யார் கேட்டாலும் அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லிப் பழகியவர், போன் கேட்டாலும் அதே மரியாதையோடு சிரிக்கிற முகத்தை அமத்தியிருக்கிறார். இரவெல்லாம் இருமிவிட்டும் அதையேதான்.

“உம்மா, இது சுகம் விசாரிக்கல்ல, நெஞ்சிட கணக்குக் கேக்குது” என்று விளங்கப்படுத்தினேன். அடுத்த முறை வந்தபோது கலண்டரில் உள்ளது உள்ளபடி நிறம் விழுந்திருந்தது. அதைப் பார்த்து டொக்டர் மருந்தையும் மாற்றியிருந்தார். உம்மா காதோடு சொன்னார்: “வாயால அல்ஹம்துலில்லாஹ் சொல்லிட்டு, விரலால அழுற மூஞ்சிய அமத்துறன் மகள். ரெண்டும் உண்மதானே?”

கரையில் வைக்கப்பட்ட ஆள்

உடப்பு ஊர்ச் செல்வம் கடலுக்குப் போகிறவர். ஒருநாள் போட்டில் வைத்து மூச்சு முட்டிவிட்டது. போட்டின் சொந்தக்காரர், அவர்கள் பேச்சில் சம்மாட்டி, பயந்துபோனார். கடல் காத்து இவனுக்கு ஆகாது என்று கரையிலேயே நிறுத்திவிட்டார். நல்ல மனிதர், சும்மா இருக்க விடாமல், உடைந்த பைபர் போட்டுகளைத் திருத்தும் வேலையையும் கொடுத்தார். கிரைண்டர் பிடித்துத் தேய்ப்பது, ரெசின் பூசுவது.

செல்வத்துக்கு அது வேலையே இல்லை. பம்ப் வாங்க வந்தவர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றார். அவருக்கும் ஆப் போட்டுக்கொடுத்தேன். “போடுங்க மிஸ்” என்றார், “கடலுக்குப் போகாதவனுக்குப் போனாவது துணைக்கு இருக்கட்டும்.”

சிவப்பு எங்கே விழுந்தது

சில வாரம் கழித்து அவருடைய கலண்டரைத் திறந்தேன். ஞாயிறு பச்சை. கோயில் திருவிழா நாட்கள் பச்சை. சம்மாட்டிக்குத் தெரியாமல் மச்சானுடைய போட்டில் கடலுக்குப் போன நாட்களும் பச்சை! கிரைண்டர் பிடித்த நாட்கள் மட்டும் சிவப்பு. முதன்முதல் போட்டில் மூச்சு முட்டியதற்கு முந்தின நாள் என்ன வேலை என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தார். அன்றும் மச்சானுடைய போட்டைத் திருத்த உதவிக்குப் போய்ப் பைபர் தேய்த்திருக்கிறார்.

எனக்குக் கை பரபரத்தது. ஆனாலும் தீர்ப்புச் சொல்ல நான் யார்? போனோடு கிளினிக்குக்கு அனுப்பினேன். டொக்டர் ஊதிப் பார்க்க வைத்து, பரிசோதித்து, அந்தத் தூசியும் ரெசின் வாடையும்தான் காரணம் என்றார். பம்பை விடவேண்டாம், அந்த வேலையை விடு என்றும் கடிந்து சொன்னாராம். செல்வம் நேரே கடைக்கு ஓடிவந்தார். “மிஸ், எனக்குக் கடல் இல்ல வருத்தம், கரதான் வருத்தம்!”

சம்மாட்டி வந்தார்

இந்த மாதம் சம்மாட்டியே கடைக்கு வந்தார், கையில் ஒரு பை இறால். செல்வம் மறுபடியும் கடலுக்குப் போகிறார். பம்பும் போனும் மூடி இறுக்கிய பிளாஸ்டிக் போத்தலில் அவரோடு போகின்றன. தேய்க்கிற வேலைக்கு வந்த புதிய ஆட்கள் நல்ல மாஸ்க் இல்லாமல் கிரைண்டரைத் தொடக்கூடாது என்று சம்மாட்டி போட்ட சட்டமாம். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது, மறைப்பானேன்? பரீத் நானாவும் கேட்கும்படி சம்மாட்டி சொன்னார்: “பாவமெண்டு கரையில வெச்சன் மிஸ். அந்தப் பாவம்தான் அவன்ட மூச்ச அடச்சிருக்கு.”

இறாலைத் தின்றால் உடம்பெல்லாம் தடித்துப்போகிற எனக்கு இந்தத் தொழில் தந்த பெரிய விருது ஒரு பை இறால், அதை நான் பஸ்ஸில் எல்லோருக்கும் தெரியும்படி தூக்கிக்கொண்டுதான் வீட்டுக்குப் போனேன்.