ஈரத்தில் காய்ந்த கிண்ணம்

நான் குடியிருக்கும் வீட்டில் ஜனவரி மாதத்திலும் காலை ஏழு மணிக்கு எல்லா ஜன்னல்களையும் பத்து நிமிடம் திறந்து வைக்க வேண்டும். வெளியே பனி கொட்டிக்கொண்டிருக்கும். இரவெல்லாம் சேர்ந்த கதகதப்பு அந்த வழியே போய்விடும். வீட்டுக்காரம்மா ஃபிராவ் கெஸ்லர் கம்பளிச் சட்டையோடு நின்று அதை வழியனுப்பி வைப்பார். அறைக் கதவின் பின்னால் அவர் எழுதி ஒட்டிய ஒன்பது விதிகளில் முதலாவது இது. இரண்டாவது, அறைக்குள் ஈரத்துணி கூடாது. சுவரில் பூஞ்சை பிடிக்கும். எனக்குப் பட்டியல்கள் பிடிக்கும். ஒன்பதையும் ஒரே நாளில் மனப்பாடம் செய்தேன்.

ஜெர்மனியில், டார்ம்ஸ்டாட் நகரத்தில் இந்த அறை கிடைக்க நான்கு மாதம் ஆனது. தொலைபேசியில் காலியாக இருந்த அறைகள் என் முகத்தைப் பார்த்ததும் நிரம்பிவிடும். என்னை அனுப்பியபோது அப்பா ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்: குடும்பம் இருக்கும் நல்ல வீடாக இருக்க வேண்டும், இல்லையென்றால் வேலை பார்த்தது போதும் என்று திரும்பிவிட வேண்டும். ஆகவே இந்த அறை இருக்கும்வரைதான் என் வேலையும் ஜெர்மனியும்.

அந்தக் குளிர்காலத்தில், ஜப்பானுக்குச் சுற்றுலா போகவிருக்கும் ஜெர்மானியர்களுக்காக ஒரு சனிக்கிழமை வகுப்பு நடந்தது. அங்கே பார்க்கப் போகும் கைத்தொழில்களை இங்கேயே கையால் செய்து பழகலாம். நடத்தியவர் மிச்சிகோ. கணவருக்குப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி; இவர் கியோத்தோவில் மரப்பாத்திரங்களுக்கு மெருகு பூசும் தொழில் பழகியவர். ஒன்பது பேர் சேர்ந்திருந்தோம். எட்டுப் பேர் பயணம் போகிறவர்கள். நான் ஏற்கெனவே வந்துவிட்டவள். வண்ணப்பூச்சு ஆய்வகத்தில் வேலை செய்கிறவள் என்பதால் ஆசைப்பட்டுச் சேர்ந்தேன்.

அந்த மெருகின் பெயர் உருஷி. நம்முடைய அரக்கு போல் பூச்சியிலிருந்து வருவதல்ல, ஒரு மரத்தின் பால். நம் ஊரில் சலவைத் துணிக்குக் குறிபோடும் சேங்கொட்டைக்கு உறவு. அதைப் போலவே பட்ட இடம் தடித்து அரிக்கும். கையுறை போட்டுக்கொண்டு ஆளுக்கொரு மரக்கிண்ணத்தில் மெல்லிசாகப் பூசினோம். வீட்டுக்குக் கொண்டுபோக மிச்சிகோ ஆளுக்கொரு மரப்பெட்டியும் ஈரத்துணியும் கொடுத்தார். துணி தூசு துடைக்க என்று நானே முடிவு செய்துகொண்டேன். ஆய்வகத்தில் எந்தத் தகட்டைப் பூசினாலும் நேரே சூடேற்றும் அடுப்புக்குத்தான் போகும். கிண்ணத்தை அறையின் வெப்பக்குழாய் மேல் வைத்தேன்.

ஒரு வாரம் கழித்தும் பிசுபிசுத்தது. வகுப்பில் இருந்த ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவரின் கிண்ணம்கூட மினுங்கியது. என்னுடையதில் கம்பளி நூல் ஒட்டியிருந்தது.

மிச்சிகோ அதைத் திருப்பிப் பார்த்தார். "இதற்குத் தாகம்," என்றார், தனக்குத் தெரிந்த கொஞ்ச ஜெர்மனில். "நீங்கள் பட்டினி போட்டீர்கள்."

உருஷி காய்வதற்குக் காற்றில் ஈரம் வேண்டும். ஈரம் இருந்தால்தான் இறுகும். சென்னையில் தொழில்நுட்பக் கல்லூரியில் படித்தபோது ஐப்பசி, கார்த்திகையில் எங்கள் சோதனைத் தகடுகள் நாள் கணக்கில் காயாமல் கிடக்கும். விடுதி நடையில் கட்டிய கொடியில் பாவாடைகள் புளிச்ச வாடையோடு தொங்கும். ஈரம்தான் நம் தொழிலின் முதல் எதிரி என்று பேராசிரியர் சொல்ல, நாங்கள் எழுதிக்கொண்டோம். அந்த மழை மாதங்கள் முழுதும் வீணாகப் போயிருக்கின்றன என்று இப்போது தோன்றியது.

புதிதாகப் பூசிய கிண்ணத்தை ஈரத்துணியோடு பெட்டியில் மூடி, துணி அலமாரிக்குள் வைத்தேன். நான்காம் நாள் மாலை ஃபிராவ் கெஸ்லர் சமையலறையில் காத்திருந்தார். மேசைமேல் என் பெட்டி.

"அலமாரியில் ஈரத்துணி. எதற்கு?"

"கிண்ணம் காய்வதற்கு."

"காய்வதற்கு ஈரத்துணி." அவர் பெட்டியின் மூடியை மூடினார். "ஃபிரொய்லைன் சுசீலா, அலமாரியின் பின்பலகை நனைந்திருக்கிறது. மாத முடிவுக்குள் வேறு அறை பாருங்கள்."

ஞாயிற்றுக்கிழமை ஸ்டெல்லா அக்காவிடம் போனேன். பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறவர், என்னைப் போலத் தூத்துக்குடிக்காரர்.

"ஏட்டி, பெயிண்ட் லேப்ல வேலை பாக்கே. ஒரு கிண்ணத்தக் காய வைக்கப் போயி வீட்டத் தொலைச்சிட்டு வந்து நிக்கியா? அதத் தூக்கிப் போட்டுட்டு ஒரு சாரி சொல்லு."

"மொதல்ல செஞ்சதுதான்க்கா தப்பு. இப்ப சரியாத்தான் செஞ்சேன்."

"அத அந்தம்மாட்டப் போய்ச் சொல்லு. எங்கிட்டச் சொன்னா ரூம் வருமா?"

சொன்னால் நம்பமாட்டார். காட்டலாம். இரண்டு சிறு பலகைகளில் உருஷி பூசி, ஒன்றை வெப்பக்குழாய் மேலும் இன்னொன்றை ஈரப்பெட்டியிலும் வைத்தேன். பெட்டியை இம்முறை ஆய்வகத்தில் வைத்தேன். மூன்றாம் நாள் இரண்டையும் சமையலறை மேசையில் வைத்து, ஒரு கையுறையும் கொடுத்தேன். ஃபிராவ் கெஸ்லர் வெப்பத்தில் இருந்ததைத் தொட்டார், விரல் ஒட்டியது. மற்றதைத் தொட்டார், கண்ணாடி போல வழுக்கியது. மறுபடியும் இரண்டையும் தொட்டார்.

"சரி. என் சுவர்?"

"சுவர் விஷயத்தில் நீங்கள் சொன்னதுதான் சரி. அலமாரியில் வைத்தது என் தவறு."

அவர் கையுறையைக் கழற்றி மடித்தார். "ஈரம் வேண்டுமென்றால் ஈரம் இருக்கிற இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். பொறியாளருக்கு இது தெரியவில்லையா?"

சாவியை எடுத்துக்கொண்டு என்னை நிலவறைக்கு அழைத்துப்போனார். நான் அதுவரை இறங்கியதில்லை. அங்கே சலவைக்கூடம். பெரிய செப்புக் கொப்பரையில் துணி கொதித்துக்கொண்டிருந்தது. ஆவி முகத்தில் அடித்ததும் என் கழுத்து வியர்த்தது. ஜெர்மனிக்கு வந்தபின் அப்படி வியர்த்தது அதுதான் முதல் தடவை. சோப்புப் பெட்டிகளை ஒதுக்கி, ஒரு தட்டில் அவரே என் கிண்ணத்துக்கு இடம் செய்தார்.

"அப்படியானால் அறை?" என்று கேட்டேன்.

"அதற்கு எத்தனை பூச்சு வேண்டும்?"

"இன்னும் ஏழு."

"ஏழு சலவை நாள். மாத முடிவுக்குள் எப்படி முடியும்?" என்று கடிந்துகொண்டார்.

கதவருகே சலவை முறைப்பட்டியல் தொங்கியது. இந்தக் கட்டடத்தின் மூன்று குடும்பங்களும் எந்தெந்த நாளில் துவைக்கலாம் என்று மையால் எழுதியிருந்தது. ஃபிராவ் கெஸ்லர் காதோரம் செருகியிருந்த பென்சிலை எடுத்து, வியாழக்கிழமைக்கு நேரே, மூன்று பெயர்களுக்கும் கீழே என் பெயரை எழுத்துப் பிழையோடு எழுதினார். மையால் எழுதச் சொல்லிக் கேட்கலாமா என்று யோசித்தேன். வீடு எப்படி என்று கேட்டிருந்த அப்பாவுக்கு எழுதவேண்டிய பதில் கடிதமும் மேலே அறையில் பாதியில்தான் கிடந்தது. கேட்கவில்லை. ஆவியில் அந்தத் தாள் மெல்ல நெளிந்துகொண்டிருந்தது. பிழையை மட்டும் திருத்தினேன், அதே பென்சிலால்.